மிஞ்சிய கேழ்வரகு விதை

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். காரிமங்கலத்தில் எட்டாம் வகுப்பு முடித்த வருடம், சித்தப்பா இறந்து நிலம் பங்கானது. அப்பா ஒரே கயிற்றால் இரண்டு பங்கையும் சுற்றி அளந்தார். எங்களுக்குச் சதுரமான வயல். சின்னம்மாவுக்கு ஓடையோரம் நீண்ட, குறுகிய துண்டு. கயிறு இரண்டுக்கும் சரியாக இருந்தது.

“படிச்சவன் நீயே சொல்லு சாமி, ரெண்டும் ஒண்ணுதானா?” என்றார் சின்னம்மா.

சுற்றளவு சமமானாலும் பரப்பு சமமாகாது என்று எனக்குத் தெரியும். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுதானுங்க சின்னம்மா” என்றேன்.

விதைப்புக்கு இரு வீட்டுக்கும் ஒரே அளவு கேழ்வரகு எடுத்தோம். எங்கள் விதை முழுதும் செலவானது. மாலையில் சின்னம்மா மடியில் பாதி விதையோடு வந்து நின்றார். அதுவரை சித்தப்பாதான் விதைப்பார்.

“பாதி மிஞ்சிப்போச்சு சாமி. எங்கைக்குப் பழக்கமில்ல, தூரந்தூரமா வெதச்சிட்டேன் போலிருக்குது. பயிரு வருமா?”

“வருமுங்க” என்றேன்.

ஒரு நிலம் எவ்வளவு விதையை ஏற்கும் என்பதே அதன் பரப்பு. அதைப் படித்த நான் மறைத்தேன். படிக்காத அவர் தன் கையைப் பழித்துக்கொண்டார். இன்றுவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.