புல்தரையில் மூன்று படகுகள்

மில்லிக்கன் பகுதியில் ஒரு வீட்டின் முன் புல்தரையில் மூன்று பழைய படகுகள் விற்பனைக்குக் கிடக்கின்றன. நாளை ஏரியில் பைக் என்ற பெரிய மீனைப் பிடிக்க என் தோழி ஜெசிந்தாவுக்கு ஒன்று வேண்டும். காற்றடித்த ரப்பர் படகை ஆசையாகத் தடவுகிறாள்.

"உது வேண்டாம் பிள்ளை. பைக்குக்கு ஊசிப் பல்லு. கடிச்சுதெண்டா காத்துப் போயிடும்," என்கிறார் வீட்டுக்காரர்.

அடுத்து, ஒடுங்கிய கனூப் படகில் ஏறி நின்று தூண்டில் வீசுவதுபோல் கையை வீசுகிறாள். அது புரள, புல்லில் விழுந்து கிடந்து சிரிக்கிறாள்.

தட்டை அடி அலுமினியப் படகில் இருவரும் ஏறிக் குதிக்கிறோம். அசையவே இல்லை.

"தண்ணியிலயும் உப்பிடித்தான் நிக்கும்."

"இதுதான் அங்கிள்!"

"அப்ப இறங்குங்கோ."

"மாட்டம்!"

தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனவர், மூன்று கோப்பைத் தேநீரோடு வந்து, தானும் ஏறி உட்காருகிறார்.