நான்கு நாள் முகாமும் ஏழு வருடக் கதையும்

போன கிழமை நான்கு நாட்கள் பகலெல்லாம் என்னுடைய போன் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் கிடந்தது. எடுத்துப் பேசவில்லை என்று கோபித்துக்கொண்டவர்கள் மன்னிக்க வேண்டும். நான் முகாமில் இருந்தேன்.

பயப்படாதீர்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் இராணுவ முகாமும் அகதி முகாமும்தான் ஞாபகம் வரும் என்று தெரியும். இது விரும்பிப் போகிற முகாம் – எழுத்தாளர்கள் தங்கியிருந்து எழுதுகிற முகாம்.

ஓம், நானேதான். “மீன் குஞ்சுக்கு நீந்தப் பழக்க ஒரு வகுப்பா?” என்று இதே பத்தியில் முன்பொருமுறை நக்கலடித்தவன். அந்தச் சொல்லை இன்று வாபஸ் வாங்குகிறேன்.

இடம், துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு தியான இல்லம். ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்குச் சொந்தமானது. ஆளுக்கொரு அறை, ஒரு மேசை, ஒரு கதிரை. மொத்தம் எட்டுப் பேர். முஸ்லிம் ஊரான கிண்ணியாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், ஹலால் பிரச்சினை வேண்டாம் என்று நான்கு நாளும் இறைச்சி இல்லை, மீன்தான். யாரும் குறை சொல்லவில்லை. விளைமீன் குழம்பு அப்படி.

விதிகள் மூன்று. காலையில் போன் தகரத்துக்குள் போய்விடும். பின்னேரம்தான் வெளியே வரும். மத்தியானச் சாப்பாடு வரை யாரும் யாரோடும் பேசக்கூடாது. கடைசி நாள் பின்னேரம் எல்லோர் முன்னாலும் வாசிக்கலாம்… ஆனால் எழுதி முடித்ததை மட்டும்.

அந்த மூன்றாவது விதிதான் நஸ்ரினா ரீச்சரைக் கலங்கடித்தது.

ரீச்சர் கிண்ணியாவில் படிப்பிக்கிறார். கணவருக்கு அங்கே ஹாட்வெயர் கடை. மூன்று பிள்ளைகள். பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளை மாமியிடம் விட்டுவிட்டு, நாலே நாலு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கையில் தடித்த மட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி. அதற்குள் ஒரே ஒரு சிறுகதை.

கதை, கிண்ணியாப் பாலம் வருவதற்கு முந்திய காலத்தில் நடக்கிறது. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் கிண்ணியாத் துறையடிக்கு ஓடி வருகிறாள். பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப்போகிற ‘பாதை’ப் படகோ அக்கரையில் நிற்கிறது. அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

“எப்ப தொடங்கினீங்கள்?” என்று முதல் நாள் சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

“ஏழு வருசம் சேர். ஏழு வருசமா அந்தத் தாய் துறையடியிலேயே நிக்கிறா. நான் அந்த இடத்துக்கு வாற நேரமெல்லாம் வீட்டில ஆராவது என்னைக் கூப்பிடுவாங்க. இந்த நாலு நாளையும் விட்டா இனி முடியாது. இன்னொருக்கா இப்பிடி வரக் கிடைக்காது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, இங்கே கூப்பிட ஆளில்லை. இருந்து எழுத வேண்டியதுதானே? எங்கே எழுதினார்! அன்று காலையே தண்ணீர் குடிக்கக் குசினிப் பக்கம் போனபோது பார்த்தேன் – சமையல்காரப் பிலோமினா அக்காவுக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கொப்பி அறையில் மூடினபடி கிடந்தது.

“சும்மா இருந்து சாப்பிட ஏலாது சேர். இன்னொராள் ஆக்க நான் பாத்துக்கொண்டிருக்க ஏலுமா? மனசு கேக்குதில்ல.”

எனக்கு அப்படி ஒரு கஷ்டம் வரவேயில்லை. நாங்கள் ஆண்கள் மூன்று பேர் – நான், வயலில் வேளாண்மை வெட்டி முடித்த கையோடு கிளிவெட்டியிலிருந்து வந்த ஒரு கவிஞர், ஓய்வுபெற்ற ஒரு தபாலதிபர். விறாந்தையில் இருந்து குசுகுசுவென்று இலக்கியம் பேசினோம். பேசக்கூடாது என்றுதானே விதி? விவாதிக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. தேநீர் வந்தது, குடித்தோம். சோறு வந்தது, சாப்பிட்டோம். ஆளுக்கு அரைப் பக்கம் எழுதியிருப்போமா… சந்தேகம்தான்.

வீட்டிலும் இதே கதைதான். நான் எழுத இருந்தால் மனைவி ரீவிச் சத்தத்தைக் குறைப்பார், கதவைச் சாத்துவார், தேநீரைக் கொண்டுவந்து சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவார். இருபது வருடமாக நான் இருந்ததே ஒரு முகாமில்தான் போலிருக்கிறது. எனக்கு அது தெரியாமல் போனதுதான் வெட்கம்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த பிலோமினா அக்கா, மூன்றாம் நாள் காலை பொறுக்கவில்லை. ரீச்சர் வழக்கம்போல வந்து கத்தியைத் தேட, அக்கா பேச்சு விதியையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, விறாந்தை வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“தங்கச்சி, வெங்காயம் உரிக்க நான் இருக்கிறன். அந்தக் கதையை எழுத என்னால ஏலாது. அது உங்களால மட்டுந்தான் ஏலும். போங்கோ.”

சொன்னதோடு நிற்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் அறையில் விட்டு, கதவையும் சாத்திவிட்டு வந்தார். மத்தியானம் சாப்பாட்டுக் கோப்பை அந்தக் கதவடிக்கே போனது. பின்னேரத் தேநீரும் போனது. சீனன்குடாவில் பயிற்சி விமானங்கள் ஏறி இறங்கும் இரைச்சலைத் தவிர அன்று வேறு சத்தம் இல்லை. நாங்கள் மூன்று பேரும் விவாதத்தை நிறுத்திவிட்டு மெல்ல அவரவர் அறைக்குப் போனோம்.

கடைசி நாள் பின்னேரம். நஸ்ரினா ரீச்சர் கொப்பியோடு எழும்பினார். முடித்திருந்தார்!

துறையடியில் நின்ற தாய் பிள்ளையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள். அக்கரையில் சாப்பிட இருந்த பாதைக்காரர் அந்தச் சத்தம் கேட்டு, பிசைந்த கையோடு எழும்பி வருகிறார். தாயும் பிள்ளையும் ஏறுகிறார்கள். கதை அங்கே முடிகிறது. பிலோமினா அக்கா குசினி வாசலில் நின்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது. பொறாமையும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்?

ரீச்சரைக் கூட்டிக்கொண்டு போக வந்த கணவர், பின் கதிரையில் இருந்து முழுவதையும் கேட்டிருக்கிறார். வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார்.

“இவ கொப்பியில எழுதுறது ஸ்கூல் வேலையெண்டுதான் நான் நினைச்சிருந்தன் சேர். வீட்டில கூடுதலாக் கூப்பிட்டது நான்தான்.”

ரீச்சர் பையோடு வந்தார். கணவர் பையை வாங்கிக்கொண்டு கேட்டார்:

“அடுத்த கதைக்கும் நாலு நாள் வேணுமா?”

“நாள் வேணாம். பின்னேரம் ரெண்டு மணித்தியாலம் ஆரும் கூப்பிடாம இருந்தாக் காணும்.”

அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். “அந்த நேரத்துக்குப் புள்ளையள நான் கடைக்குக் கூட்டிப்போறன்” என்றார். ரீச்சர் கொப்பியை மட்டும் பையிலிருந்து எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

முகாமில் போய் என்ன பழகினாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எழுத யாரும் பழக்கவில்லை, கூப்பிடாமல் விட்டார்கள். அந்த ஒன்று கிடைக்காமல் எத்தனை வீடுகளில் எத்தனை கதைகள் பாதியில் நிற்கின்றனவோ…

உங்கள் வீட்டிலும் யாராவது கொப்பியும் பேனையுமாக ஒதுங்கி இருந்தால், கூப்பிடுமுன் ஒருமுறை யோசியுங்கள். தேநீரை நாமே போட்டுக் குடித்தால் உயிர் போய்விடாது – முந்தநாள் நானே குடித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.