மரமில்லாத மலையில் ஒரு கல்யாணத் தூளி

பின்னறையிலிருந்து ‘தடால்’ என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஒரு தகர வாளி உருண்டது. அதற்கும் பிறகு, மிக நிதானமாக, ஒரு முனகல்.

எர்சிலியா அடுப்படியில் கொதிக்கும் பாலில் முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். ஓட்டைக் கீழே போடாமலே குரல் கொடுத்தாள்.

“உயிரோட இருக்கீங்களா?”

“இடுப்பு வரைக்கும் இருக்கேன். அதுக்குக் கீழேருந்து இன்னும் சேதி வரலை.”

அவள் போய்ப் பார்த்தபோது ஜன்னல்கள் இரண்டும் அகலத் திறந்து கிடந்தன. மோங்கி ஊரின் விடியற்காலைக் குளிர் அறைக்குள் வந்து நின்றது. வீட்டிலிருந்த அத்தனை போர்வைகளையும் சுற்றிக்கொண்டு, சுவரிலிருந்து பிடுங்கி வந்த கொக்கியைக் கையில் பிடித்தபடி, தரையில் கிடந்தான் அவள் கணவன் நெவார்தோ. மேலே தூளியின் ஒரு முனை மட்டும் பாவமாக ஆடிக்கொண்டிருந்தது.

“ஜன்னலை ஏன் திறந்தீங்க?”

“மலை மேல ஜன்னல் இருக்குமா? பழகிப் பாக்கறேன் ராசாத்தி.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. எதற்காக அவன் விழுகிறான் என்பது அவளுக்குத் தெரியும்.

நெவார்தோ அந்த மலைநாட்டுக்காரன் இல்லை. எங்கோ கீழே, மகதலேனா ஆறு வெயிலில் சோம்பிக் கிடக்கிற மோம்போஸ் ஊரில் பிறந்தவன். அங்கே கட்டில் என்பது விருந்தாளிக்கு. வீட்டு மனிதர்கள் பிறந்ததிலிருந்து தூளியில்தான் படுப்பார்கள். முதுகுக்குக் கீழே காற்று போய்வர வேண்டும், அதுதான் அவர்களுக்குத் தூக்கம். இளவயதில் ஒருநாள், பந்து ஏற்றப் போன லாரியில் சும்மா ஊர் பார்க்க ஏறி மோங்கிக்கு வந்தான். மோங்கியில் வீட்டுக்கு வீடு கால்பந்து தைப்பார்கள். ஒரு வாசலில் எர்சிலியா உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் ஊசி அவள் விரலில் குத்தியது. ரத்தம் என்னவோ இவன் நெஞ்சில்தான் வந்தது. லாரி திரும்பிப் போயிற்று, அவன் போகவில்லை. சதுக்கத்து மூலையில் முடிவெட்டும் கடை போட்டு அங்கேயே தங்கிவிட்டான்.

ஊர் அவனை ஏற்றுக்கொண்டது, கேலியோடு. ‘நெவாதோ’ என்றால் அவர்கள் பேச்சில் பனிமலை. “பேருல பாதி பனி, உடம்புல துளி தாங்காது” என்பார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த மலைநாட்டில் எல்லோருக்கும் ‘நீங்க’தான். பெற்ற பிள்ளைக்கும் நீங்க, முட்டையிடாத கோழிக்கும் நீங்க. நெவார்தோவின் ஊரிலோ பாதிரியாருக்கும் ‘நீ’தான். இத்தனை வருஷத்தில் அவன் யாரையும் நீங்க என்று சொன்னதில்லை, அவர்களும் அவனை நீ என்று சொன்னதில்லை. இப்படியே குடும்பம் நடந்தது, சந்தோஷமாகவே நடந்தது.

ஒன்றைத் தவிர. ஜனவரி பிறந்தால் எர்சிலியாவின் வீட்டார் கூட்டமாக மலையேறுவார்கள். மேகத்துக்கும் மேலே, ஏரிக்கரையில், உச்சிப் பொட்டலில் ஓர் இரவு தங்கி, சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். நெவார்தோவுக்கு அந்த வாரம் மட்டும் ஏதாவது வந்துவிடும். பல்வலி வந்தது. மூட்டுவலி வந்தது. ஒரு வருஷம் கோழிக்கு உடம்பு சரியில்லை என்று அவன் தங்கிவிட்டான். கோழி ஜோராக இருந்தது.

இந்த வருஷம் தப்ப முடியாது. மகள் மாய்ராவுக்குப் பதினைந்து வயது நிறைகிறது. அந்த நாட்டில் பெண்ணுக்குப் பதினைந்து நிறைவதென்றால் கல்யாணத்துக்கு அடுத்த விசேஷம். பெரிய கூடம், பூப்போல விரியும் பாவாடை, கேக், எல்லாவற்றுக்கும் நடுவில் அப்பாவோடு முதல் வால்ட்ஸ் நடனம். மாய்ரா தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே நெவார்தோ அந்த ஆட்டத்துக்கு ஒத்திகை பார்த்து வந்தான். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் சுழல்நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றுவான். எர்சிலியா ஒருமுறை கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்து, சால்வை நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டவள்.

மாய்ராவோ ஒரே போடாகப் போட்டாள்.

“எனக்குக் கூடம் வேண்டாம், கேக் வேண்டாம். ஏரிக்கரையில, சூரியன் வரும்போது ஆடணும். அவ்வளவுதான்.”

நெவார்தோவின் முகம் வெளுத்தது. அவளுடைய ஞானத்தகப்பன், எர்சிலியாவின் அண்ணன் ப்ளாசிதோ, அந்த நேரம் பார்த்து மீசையைத் தடவினார்.

“அப்பாவைத் தொந்தரவு பண்ணாதீங்க கண்ணு. அவர் வெக்கை ஊர்க்காரர், மேல வந்தா கரண்டி மாதிரி விறைச்சுப் போவாரு. முதல் வால்ட்ஸ் நான் ஆடறேன். பளபளன்னு ஷூ கூட வாங்கியாச்சு!”

ஷூ வாங்கியாச்சு! அந்த வார்த்தை நெவார்தோவின் இதயத்தில் சவரக்கத்தியைப் போல் இறங்கியது. பெற்றவன் இருக்க, பெண்ணின் கையை இன்னொருவன் பிடிப்பதா? அன்று அவன் கடையில் மூவருக்குக் காதோரம் ஒரு பக்கம் மட்டுமே வெட்டி அனுப்பினான்.

அதனால்தான் இந்த ஒத்திகை, இந்த விழுதல்.

“தரையில படுத்தா என்ன?” என்று எர்சிலியா கேட்டுப் பார்த்திருந்தாள். தரையில் படுத்தால் அவனுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும், எறும்பு காதில் போவதாகக் கனவு வரும். தூளிதான். ஆனால் தூளியில் எத்தனை போர்வை போர்த்தினாலும் பற்கள் தாளம் போட்டன.

“மேல சித்திரை மாசமா இருக்குடி. கீழதான் பனி கொட்டுது” என்றான் பரிதாபமாக.

கொக்கியைத் திரும்ப அடித்துவிட்டு அவனைத் தூளியில் ஏற்றினாள். கீழே கை விட்டுத் தடவிப் பார்த்தாள். மேலே மலைபோலக் குவிந்த கம்பளி, அவன் உடம்புக்கு அடியில் நசுங்கி அப்பளம்போல் ஆகியிருந்தது. காற்று சில்லென்று முதுகை நக்கிக்கொண்டு போயிற்று. எந்தக் காற்றுக்காக அவன் ஊரில் தூளி கட்டினார்களோ, அதே காற்று.

“நசுங்கின கம்பளி செத்த கம்பளி. கீழ நசுங்காமத் தொங்கணும்” என்றாள்.

பந்து தைக்கும் கை சும்மா இருக்குமா? தூளிக்கு அடியில் இன்னொரு தூளி தைத்தாள். இரண்டுக்கும் நடுவே கழுவி உதிர்த்த ஆட்டு ரோமத்தை மேகம்போல் நிரப்பினாள். மறுநாள் விடியலில் ஜன்னல்கள் திறந்திருக்க, பின்னறையிலிருந்து குறட்டைதான் வந்தது. எழுந்தவனுக்கு நெற்றியில் வியர்வை!

“வியர்க்குதுடி! மோங்கியில வியர்க்குது!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான்.

ஊர் திரண்டது. முடிவெட்ட வந்தவர்கள் கடையை விட்டு வீட்டுப் பின்னறையில் வரிசை கட்டினார்கள். ஆளுக்கொரு தடவை படுத்துப் பார்த்தார்கள், பாதிப் பேர் அந்தப் பக்கமாக விழுந்தார்கள். கடைசியாக வந்தார் ப்ளாசிதோ. அவர் நகரத்திலிருந்து ஆரஞ்சு நிறக் கூடாரமும், காற்றடிக்கும் மெத்தையும் வாங்கி வைத்திருந்தவர். தூளியை அமுக்கிப் பார்த்தார். படுத்தார். அவர் முகம் தன்னையறியாமல் இளகியது. அப்புறம் அவர் பார்வை மெல்ல மேலே போய் சுவர்க் கொக்கியில் நின்றது.

“மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு மச்சான்.”

“இதை மேல எதுல கட்டுவீங்க?”

“மரத்துலதான்.”

“எந்த மரத்துல?”

எர்சிலியாவின் கை தானாக வாய்க்குப் போயிற்று. சின்ன வயதிலிருந்து வருஷம் தவறாமல் ஏறிய பொட்டல்! புல் உண்டு, பாசி உண்டு, பாறை உண்டு, ஏரி உண்டு. ஆனால் ஒரு மரம்? கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் கிடையாது. பிறந்ததிலிருந்து இல்லாத ஒன்றை அவள் எப்படித் தேடியிருப்பாள்?

“சாமியார்ச் செடி இருக்கே” என்று யாரோ சொன்னார்கள். பொட்டலில் துறவிபோல் தனித்து நிற்கும் கம்பளி இலைச் செடி அது, ஒடித்தால் குற்றம்.

“சாமியார்ச் செடியா!” ப்ளாசிதோ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஆளுயரம் வளர ரெண்டு தலைமுறை ஆகும். இவர் ஏறிப் படுத்தா ஒரே நிமிஷத்துல வேரோட வரும். காவலுக்கு இருக்கறவங்க வந்து மாப்பிள்ளையைத் தூளியோட தூக்கிட்டுப் போவாங்க. அங்கயாவது கட்ட ரெண்டு கம்பி கிடைக்கும்!”

ஊர் சிரித்தது. நெவார்தோவும் சிரித்தான். எல்லோரும் போனபிறகு தூளியின் விளிம்பில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“போதும் எர்சிலியா. உங்கண்ணனே ஆடட்டும். அவன்கிட்ட ஷூவாவது இருக்கு.”

கதவோரம் நின்ற மாய்ராவின் கண்கள் குளமாயின. “நீங்க வரலைன்னா நான் யாரோடயும் ஆடலை. என்னைப் பெத்தது ஷூவா?”

அவள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நெவார்தோ எழவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் தூளியோடு சேர்ந்து ஆடினான். எர்சிலியா அவனைக் கீழே இறக்கிவிட்டு, தூளியைக் கழற்றித் தொப்பென்று தரையில் போட்டாள். அது அறையின் பாதியை அடைத்துக்கொண்டது. கோணலாகப் படுத்துப் பழகியவர்களின் தூளி, அகலம் அதிகம். அவன் ஊரில் அதற்குப் பெயரே கல்யாணத் தூளி.

“ஏன் இவ்வளவு பெருசு?” என்றாள், இத்தனை வருஷம் கழித்து.

“ரெண்டு பேருக்குன்னு எங்கம்மா நெய்ய வெச்சது. நீதான், மீன் மாதிரி வலையில விழமாட்டேன்னு கட்டில்ல படுத்துக்கிட்ட.”

எர்சிலியாவின் கன்னம் சிவந்தது. குனிந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். அடித்தட்டில் பந்து தைத்து மிஞ்சிய கெட்டித் துணியையும் ரப்பர் நுரையையும், யானை மிதித்தாலும் நசுங்காதபடி, இறுக்கித் திணித்தாள். அதன்மேல் வீட்டில் சும்மா கிடந்த இரண்டு ஆட்டுத்தோல்களை விரித்தாள். உதிரி ரோமம் முழுவதையும் மேல்பக்கத்துக்கு ஏற்றிவிட்டு, ஓரங்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்தாள். தூளி பையாக மாறிற்று.

“ரெண்டு பேருக்குத்தானே? தரையில கிடந்தா விழ இடமில்லை. நானும் வர்றேன் உள்ள” என்றாள் ஊசியைப் பார்த்தபடி.

“எறும்பு?”

“உங்களைக் கடிக்கணும்னா முதல்ல என்னைத் தாண்டணும்.”

நெவார்தோ அழுதுவிட்டான். அவன் ஊர்க்காரர்கள் அழுதால் தெருமுனை வரை கேட்கும்.

மலையேறினார்கள். பொட்டலில் மூடுபனி இறங்கி, சாமியார்ச் செடிகள் வரிசையாகப் பிரார்த்தனைக்கு நிற்பதுபோல் நின்றன. ப்ளாசிதோவின் ஆரஞ்சுக் கூடாரம் எழுந்தது, மெத்தைக்குக் காற்றடித்தார்கள். குளிரை விரட்டுவதாகச் சொல்லி அவர் சோம்புச் சாராயத்தில் நாலு மடக்கு விழுங்கினார். அந்த இரவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ப்ளாசிதோ கூடாரத்துக்குள் புரண்டுகொண்டேயிருந்தார். பழைய தார்ப்பாய்க்குக் கீழே, கல்யாணத் தூளிக்குள், கணவனும் மனைவியும் தூங்கினார்கள். அவ்வளவே.

விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. மாய்ரா ருவானா என்ற கம்பளிப் போர்வையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினாள். திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அப்பா வருவாரா?

தார்ப்பாய் அசைந்தது. கன்னமெல்லாம் செக்கச் சிவந்து, தலைமயிர் குத்திட்டு, கம்பளிக் காலுறையோடு வெளியே வந்து கொட்டாவி விட்டான் நெவார்தோ!

ஆரஞ்சுக் கூடாரத்துக்குள்ளிருந்தோ ஈனக்குரல்தான் வந்தது.

“எர்சிலியா… முதுகு பிடிச்சுக்கிச்சு. மெத்தைக்குள்ள இருக்கற காத்தெல்லாம் ஐஸாப் போச்சு, ஏரி மேல படுத்த மாதிரி இருந்திச்சு. ஷூ வெறகு மாதிரி விறைச்சுக் கிடக்கு.”

பாட்டுப்பெட்டியின் மின்கலம் குளிரில் செத்திருந்தது. மாய்ராவின் உதடு துடித்தது. இவ்வளவு தூரம் வந்து பாட்டு இல்லாமல் போய்விடுமா? அப்போது எர்சிலியா வாயைத் திறந்தாள். கோயிலில்கூட வாய்க்குள்ளேயே முணுமுணுப்பவள், அந்தப் பொட்டல் முழுக்கக் கேட்கும்படி, ‘ல ல லா’ என்று ஒரு வால்ட்ஸைப் பாடினாள். சுருதி எங்கேயோ போயிற்று. யாருக்கு அக்கறை?

நெவார்தோ மகளின் கையைப் பிடித்தான். ஏரிக்கு மேலே சூரியன் எட்டிப் பார்த்தது. உறைந்த புல் காலுக்கடியில் நொறுங்க, அப்பனும் பெண்ணும் சுற்றினார்கள். அவன் வலப்பக்கமாக மட்டுமே சுற்றினான். அவன் பழகிய நாற்காலி அந்தப் பக்கம்தான் சுழலும்.

“தலை சுத்துதுப்பா!”

“சுத்தட்டும். விட்டேனா பாரு.”

கூடார வாசலில் ஆமைபோல ஒரு தலை நீண்டிருந்தது. ப்ளாசிதோவின் மீசை நனைந்திருந்தது. “பனி கண்ணுல விழுது” என்றார், யாரும் கேட்காமலே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தங்கை வீட்டுக்கு வந்தார், தொண்டை கட்டி, இடுப்பில் துணி சுற்றி. சீஸ் துண்டு மிதக்கும் வெல்லத் தண்ணீரை வெகுநேரம் ஆற்றினார்.

“எர்சிலியா, அந்தப் பை மாதிரி ஒண்ணு… தைக்க நேரமிருக்குமா உங்களுக்கு?”

“ஒருத்தருக்கா அண்ணா, ரெண்டு பேருக்கா?”

அவர் கோப்பைக்குள் பார்த்தார். “ரெண்டு.”

“ரொசால்பா அண்ணிகிட்ட கேட்டீங்களா?”

“முதல்ல தைங்க. கேட்டா வரமாட்டேம்பா. தச்ச பிறகு வீணாப் போகுமேன்னு வருவா.”

நெவார்தோவுக்குப் புரையேறியது. மாய்ரா சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினாள். ப்ளாசிதோ எழுந்து ருவானாவை இழுத்துவிட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றார். போகவில்லை.

“கண்ணு, அடுத்த வருஷம் ரெண்டாவது ஆட்டம் எனக்குத் தருவீங்களா?”

“அப்பாவைக் கேளுங்க மாமா.”

அவர் திரும்பினார். ஊரிலேயே உரத்த குரல்காரர், இப்போது வந்தது பாதிக் குரல்தான்.

“மாப்பிள்ளை, அனுமதி உண்டா?”

நெவார்தோ அவரை மேலும் கீழும் பார்த்தான். தாடையில் எந்தப் பக்கம் கத்தி வைக்கலாம் என்று யோசிப்பதுபோல் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

“முதல் ஆட்டம் முடிஞ்சதும் வா மச்சான். பாட்டு எர்சிலியாதான் பாடுவா, தாங்கிக்கணும்.”

“அதுக்குத்தான் காதுக்கும் சேர்த்துக் கம்பளி வெச்சுத் தைக்கச் சொல்றேன்” என்றார் ப்ளாசிதோ. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். தெருக்கோடியில் மூடுபனி அவரை எடுத்துக்கொண்டது.

குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. எர்சிலியா கதவைச் சாத்தினாள்.