எக்ஸ்ரே அண்ணியின் கேமரா

எங்கள் அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. வருகிறவர்களை நிற்க வைத்து, தோளைப் பிடித்து நேராக்கி, "மூச்ச நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் ஓடுவார். படம் எடுத்து முடிந்ததும் அங்கிருந்தே "விடலாம்" என்று குரல் கொடுப்பார். வீட்டில் அவருக்கு எக்ஸ்ரே அண்ணி என்று பெயர் வைத்தவள் நான்தான். நாத்தனார் என்று ஒருத்தி இருந்துகொண்டு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

அண்ணன் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் ஒரு கேமரா கொடுத்து அனுப்பினார்கள். அவர் எதிர்பார்த்தது கைக்கடிகாரம். கேமராவை உறைகூடப் பிரிக்காமல் பீரோவுக்கு மேலே தூக்கிப் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒட்டடை அடிக்க ஸ்டூலில் ஏறிய அண்ணி, கேமராவோடு இறங்கினார். அன்று பாதியில் நின்ற ஒட்டடை இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

பூ, பூனை, மேகம் எதையும் அவர் எடுக்கவில்லை. மனித முகம் மட்டும்தான் வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன்.

"நாளெல்லாம் எலும்பத்தான் பாக்குறேன். மேல இருக்குறது எப்படி இருக்குன்னு பாக்க வேணாமா?" என்றார்.

முதலில் அகப்பட்டவர் அண்ணன். படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, கன்னம் உப்பி, கண் பிதுங்க நிற்கிறார். மூக்கு அளந்து வைத்ததுபோல் படத்தின் நட்டநடுவில். அடுத்து பக்கத்து வீட்டுக்காரர், அவர் மனைவி, பால் போடுகிறவர். எல்லோருக்கும் அதே நெஞ்சு, அதே கன்னம். அண்ணி கேமராவைக் கண்ணில் வைத்ததும் வாய் தானாக "மூச்ச இழுங்க, பிடிங்க" என்றிருக்கிறது. அவர்களும் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள்.

அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை. படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, எல்லாரும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற மாதிரிதான் இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டார். தன் வாயில் இனி அந்த வார்த்தை வந்தால் பக்கத்தில் நின்று இருமும்படி அண்ணனுக்கு உத்தரவு போட்டார். ஓய்வு பெற்ற மனிதருக்கு ஒரு வேலை கிடைத்தது. அண்ணனும் மனசாட்சியோடு இருமினார். பால் போடுகிறவர் அவருக்கு இருமல் மருந்து சொல்லிவிட்டுப் போனார்.

என் கதைக்கு வருகிறேன். நான் அதே வீட்டின் மாடியில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே மகன், வெளிநாட்டில் வேலை. அவன் போன கொஞ்ச நாளில், ஒரு காலையில் பல் தேய்க்கும்போது வாயில் வைத்த தண்ணீர் இடது பக்கமாக ஒழுகியது. முகவாதம். மருந்திலும் பயிற்சியிலும் முக்கால்வாசி சரியாகிவிட்டது. ஆனால் சிரித்தால் உதட்டின் இடது ஓரம் மேலே ஏறாது. இடது கண்ணும் ஒரு நொடி பிந்தித்தான் மூடும். வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரம் உற்றுப் பார்த்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். மறக்காதவள் நான்தான்.

மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவான் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அது மட்டுமில்லை. அந்த முகத்தை அவனுக்குக் காட்ட எனக்கே வெட்கமாக இருந்தது. அவன் வீடியோவில் அழைக்கும்போதெல்லாம், கை வேலையாக இருக்கிறேன் என்று போனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டுப் பேசுவேன். மாதக்கணக்கில் அவன் பார்த்ததெல்லாம் எங்கள் வீட்டு ஃபேனைத்தான். பழைய படத்தை அனுப்பிப் பார்த்தேன். இப்ப எடுத்ததா ஒண்ணு அனுப்பும்மா, அறையில் மாட்டணும் என்று ஒவ்வொரு முறையும் கேட்டான்.

இது அண்ணிக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கேமராவை அவர் அப்படிப் பிடித்துக்கொண்டார் என்று எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

வெளிச்சம்தான் அவரைப் படாதபாடு படுத்தியது. ஃப்ளாஷ் போட்டால் அண்ணனின் வழுக்கையில் இன்னொரு விளக்கு எரிந்தது. தலைக்கு நேர் மேலே விளக்கு வைத்தால் கண்ணுக்குக் கீழே இரண்டு குழி விழுந்து, மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிடுகிற மனிதர் பட்டினி கிடந்தவர்போல் ஆனார். ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஏறி வந்தார். காத்திருக்கும் இடத்தில் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தால், துணைக்கு வந்தவர்கள்கூட நோயாளி மாதிரி இருக்கிறார்களாம். ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்தால் நோயாளியும் கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் மாதிரி இருக்கிறாராம். இத்தனை வருஷம் அந்த வழியாகத்தானே போனேன், கண்ணை எங்கே வைத்திருந்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அதன் பிறகு கூடத்து நாற்காலி ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போனது. வெயில் நேராக அடிக்காமல் இருக்க மெல்லிய வெள்ளைத் திரை. எதிர்ப்பக்கம் துணி உலர்த்தும் ஸ்டாண்டில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தின் நிழல் பக்கத்தைக் கொஞ்சம் தெளிய வைக்கும். மூக்கும் ஒருவழியாக நட்டநடுவிலிருந்து நகர்ந்தது. அண்ணன் பேப்பர் படிக்கும்போது அவரைப் படத்தின் ஓரத்தில் வைத்து, அவர் பார்க்கிற பக்கம் இடம் விட்டு எடுத்த படம் ஒன்று உண்டு. அதில் அண்ணன் ஏதோ யோசிக்கிறவர்போல் இருந்தார். அவரை அப்படி நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார். இடது பக்கத்தை மறைத்துவிடலாம் என்பதுதான் இருவரின் திட்டமும். வலது கன்னத்தை ஜன்னலுக்குக் காட்டி, விரிப்பையும் எடுத்துவிட்டு, இடது பக்கத்தை இருட்டில் தள்ளினோம். படத்தில் பாதி முகம் கதவிடுக்கில் ஒளிந்து நிற்கிற திருடிபோல் இருந்தது. வெளிச்சத்தில் இருந்த பாதியிலும் கன்னத்துக் கோடு வெட்டியதுபோல் ஆழமாக விழுந்திருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இந்த விளையாட்டெல்லாம் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், என்னை விடுங்கள் என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறி வந்து அழுதேன்.

அண்ணி சமாதானம் பேச வரவில்லை. அடுத்த ஞாயிறு காலை வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, நான் தப்பா யோசிச்சுட்டேன். கை ஒடிஞ்சு ஒருத்தர் வந்தா, ஒடிஞ்ச எடத்துக்குத்தான் வெளிச்சம் வைப்பேன். உனக்கு மட்டும் ஏன் மறைச்சேன்னு தெரியல. இடது பக்கத்த ஜன்னலுக்குக் குடு."

போனேன். வீம்பாகத்தான் போனேன். இந்த முறை இடது கன்னம் ஜன்னல் பக்கம். திரை வழியாக வந்த வெளிச்சம் அதில் பதமாகப் பரவியது. சிரித்தால் ஆழமாகக் கோடு விழுகிற வலது பக்கம் நிழலுக்குப் போனது. எதிரே விரிப்பு இருந்ததால் நிழலும் கறுப்பாக இல்லை. இதையெல்லாம் அண்ணி பிறகு காட்டித்தான் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு எப்போது முடியும் என்று உட்கார்ந்திருந்தது மட்டும்தான்.

அண்ணிக்கும் படபடப்பு. கேமராவைக் கண்ணில் வைத்ததும் பழைய வாய் முந்திக்கொண்டது.

"மூச்ச இழு. பிடி. அசையாத."

நான் இழுத்துப் பிடித்தேன். கேமரா ஒரு முறை சொடுக்கியது.

"விடலாம்."

வாசல் பக்கம் நின்ற அண்ணன் கடமையை நினைத்துக்கொண்டு பலமாக இருமினார். பிடித்திருந்த மூச்சு முழுக்கச் சிரிப்பாக வெடித்தது. அண்ணியின் விரல் மறுபடி அழுந்தியது.

அந்த இரண்டாவது படத்தைத்தான் அவர் என்னிடம் நீட்டினார். படத்தின் இடது ஓரத்தில் நான். மீதி இடமெல்லாம் ஜன்னல் வெளிச்சம். வாய் கோணித்தான் இருந்தது. இடது கண் வலது கண்ணைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் திறந்திருந்தது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை எனக்குப் பிடித்திருந்தது. வெகுநாள் கழித்து என்னை எனக்குப் பிடித்தது.

யோசித்தால் அனுப்ப மாட்டேன் என்று தெரியும். அங்கேயே உட்கார்ந்து, அண்ணி கேமராவிலிருந்து தன் போனுக்கு மாற்றியதை என் போனுக்கு வாங்கி மகனுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அவன் வீடியோவில் அழைத்தான். எடுத்தேன். கை பழக்கத்தில் போனை மல்லாத்திவிட்டது.

"ஃபேன் வேணாம்மா," என்றான்.

மெதுவாக நிமிர்த்தினேன். அவன் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"எனக்கு மொதல்லயே தெரியும்மா. உன் பேச்சு கொழறினது எனக்குத் தெரியாதா? நீயா காட்டட்டும்னுதான் கேட்டுட்டே இருந்தேன்."

தோளை நேராக்கி, நெஞ்சை நிமிர்த்தி, உதட்டை இறுக்கி, மூச்சைப் பிடித்து, அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. அண்ணிக்குத் தெரிந்திருக்கிறது. என் முதுகில் கை வைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"விடலாம்."

வாசலில் அண்ணன் இருமினார். என் மகன் பார்க்க, நான் வாய் கோணச் சிரித்தேன்.