சித்தையன் சொன்ன ஓட்டை

மைசூரில் குழாய்த் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் எட்டாத காலம். மண்டி மொஹல்லாவில் குடமோ கொலுசோ கிணற்றில் விழுந்தால் சித்தையனைத்தான் கூப்பிடுவார்கள். ஹனூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். மூச்சடக்கி அடிச்சேற்றைத் துழாவி, போன பொருளோடுதான் மேலே வருவார். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

வயது ஏறியதும் மூச்சு முன்போல நிற்கவில்லை. அதை வெளியே சொல்ல வாய் வருமா? பாத்திரக்கடை மதலைமுத்துவிடம் சொல்லிப் பெரிய செப்பு அண்டா ஒன்று செய்துகொண்டார். தலைக்குமேல் அதைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கினால், உள்ளே இருக்கும் காற்றை மூச்சாக இழுத்து நிதானமாகத் தேடலாமே! யோசனை என்னவோ நல்ல யோசனைதான்.

அதே தெருவில் லிங்கம்மா என்பவர் வீட்டுக் கிணற்றில் வெள்ளி அரைஞாண் விழுந்தது. அன்றுதான் வெள்ளோட்டம். காற்று அடைபட்ட அண்டா, தண்ணீருக்குள் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. அம்மிக்கல் போதாமல் ஆட்டுக்கல்லையும் விளிம்பில் கட்டிய பிறகே அமிழ்ந்தது. ஆழம் போகப் போகக் காது அடைத்தது. அண்டாவுக்குள் தண்ணீர் ஏறியது. தோளில் நின்றது கழுத்துக்கு வந்து, மோவாயைத் தொட்டது. சித்தையனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அண்டாவை விட்டுவிட்டு, வெறுங்கையோடு மேலே வந்து அலறினார்.

கிணற்றைச் சுற்றித் தெருவே நின்றது. பயந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வார்?

“ஓட்டை அண்டாவைக் குடுத்து என்னயக் கொல்லப் பாத்துட்டான்ங்க அந்த மதலைமுத்து!” என்று கத்தினார்.

அன்றே அண்டாவை இழுத்தெடுத்து மதலைமுத்துவின் கடைவாசலில் போட்டார்கள். சிலர் தாங்கள் வாங்கிய பாத்திரங்களையும் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

கொஞ்ச நாளில் வேறொரு வீட்டுக் கிணற்றில் இறங்க வேண்டியிருந்தது. வருஷக்கணக்காக வெந்நீர் காய்ச்சிய, ஒரு சொட்டு ஒழுகாத அந்த வீட்டு அண்டாவையே கவிழ்த்துக்கொண்டார். அதிலும் தண்ணீர் ஏறியது. இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு அண்டாவை விடாமல் பிடித்து, அதில் கட்டியிருந்த கயிற்றை ஆட்டி, மேலே நின்றவர்களுக்கு இழுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். மேலே இழுக்க இழுக்க, ஏறிய தண்ணீர் தானாக இறங்கி விளிம்புக்கே போய்விட்டது. ஓட்டை இருந்தால் போன காற்று திரும்பி வருமா? மேலே நிற்கும் தண்ணீரின் பாரம் காற்றை நசுக்குகிறது. பாரம் குறைந்தால் காற்று மறுபடி விரிகிறது. அவ்வளவுதான் விஷயம்.

சித்தையனுக்கு உடம்பெல்லாம் கூசியது. சொல்லிவிட வேண்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, மதலைமுத்துவின் கடைப்பக்கமே போகாமல் சுற்றிப்போனார். கடைசியில் ஒருநாள் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து நுழைந்தார். காதோடு காதாகச் சொல்லிவிட்டு நழுவிவிடலாம் என்ற எண்ணம்தான்.

அவரைக் கண்டதும் மதலைமுத்து எழுந்து நின்றார். பக்கத்தில் அந்த அண்டா, அடி முழுக்க ஈயம் அப்பியிருந்தது.

“தண்ணி நிரப்பிப் பாத்தேன், வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன், ஓட்டை எங்கேன்னே தெரியல சித்தையா. நீ பொய் சொல்ற ஆளில்லயே. அதான் அடி முழுக்க ஈயத்தை வெச்சுட்டேன். உன் உயிரோட விளையாடிட்டேன்ப்பா, மன்னிச்சுடு.”

சித்தையனுக்கு அந்தக் கிணற்றிலேயே செத்துப்போயிருக்கலாம் என்று இருந்தது. அண்டாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

“இதுல ஓட்டை இல்லீங்க. நாந்தான் பயந்துட்டனுங்க. பயத்தை மறைக்கப் பொய் சொல்லிப்போட்டனுங்க.”

சித்தையன் கடைப்பக்கம் திரும்பினார். மதலைமுத்து அவரைப் பார்க்கவே இல்லை. ஓட்டை விட்டுவிட்டன என்று இத்தனை நாள் தான் சந்தேகப்பட்ட இரண்டு கைகளையும் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.