சொன்ன பேச்சு கேட்காத தட்டு

விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் குடைச்சல். பேச்சு வந்த நாளிலிருந்து ஏன், எதுக்கு என்று எல்லோரையும் குடைந்தெடுத்தவள். கூட வேலை செய்பவர்களுக்கு அவள்மேல் ஒரே ஒரு மனத்தாங்கல்தான். எதிர்பார்த்தபடி வராத சோதனைத் தட்டு எதையும் குப்பையில் போட விடமாட்டாள். "இதையெல்லாம் சட்டம் போட்டு மாட்டப் போறியா?" என்று கேலி செய்வார்கள். அவள் வாயைத் திறக்கமாட்டாள். திறந்தால் அந்தக் கோடை விடுமுறையைச் சொல்ல வேண்டி வரும்.

அப்போது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு தேய்க்கிற வேலை. அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் குடைச்சல்தான். அவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்றே ஒரு பெரிய பல்கலைக்கழகம் கோடையில் ஆராய்ச்சிப் பயிற்சி நடத்தியது. தங்க அறை, சாப்பாடு, உதவித்தொகை எல்லாம் அவர்கள் பொறுப்பு. இடம் கிடைத்த அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அங்கே அவளுக்கு வழிகாட்டியாக வாய்த்தது முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா. தங்கமான அக்கா. முதல் நாளே தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி இவளுக்கு மாட்டிவிட்டாள். உப்புத் தண்ணீரில் விதை முளைக்காது. ஒரு மண் பாக்டீரியாவைச் சேர்த்தால் முளைக்குமா? இதுதான் அக்கா குடைச்சலுக்குக் கொடுத்த கேள்வி.

"இதுக்குப் பதில் உலகத்துல யாருக்கும் தெரியாதும்மா. முதல்ல தெரியப்போறது உனக்குத்தான்."

அந்த ஒரு பேச்சில் விழுந்தவள்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தட்டுகளைப் பார்த்தாள். தினமும் அம்மாவுக்குப் போன் போட்டு அன்றைய கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மா அதைச் சலவைக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தாள்.

பாக்டீரியா சேர்த்த தட்டுகளில் விதைகள் முளைத்தன. சேர்க்காதவற்றில் முளைக்கவில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. ஜன்னலோரத் தட்டில் பாக்டீரியா இல்லாமலே, அதே உப்புத் தண்ணீரில், வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. குடைச்சல் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அக்காவிடம் ஓடினாள்.

"அக்கா, இது ஏன் முளைச்சிருக்கு?"

அக்கா தலையைக்கூடத் திருப்பவில்லை. "எங்கயாவது கை தவறியிருக்கும். தூக்கிப் போடு."

"இன்னொரு வாட்டி வெச்சுப் பாக்கட்டுமா?"

"வேணாம்டா கண்ணா. நம்ம பதில் வேற. போட்டுக் குழப்பிக்காத."

யாருக்குமே தெரியாத பதில் அக்காவுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? ஊரையே குடைகிறவள் அதை மட்டும் குடையாமல் விட்டாள். அவ்வளவு நம்பிக்கை! தட்டு குப்பைக்குப் போனது.

பயிற்சியின் கடைசி நாள் ஒவ்வொருவரும் தங்கள் கண்டுபிடிப்பைப் பெரிய தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டு, பக்கத்தில் நின்று விளக்க வேண்டும். அம்மா லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். அம்மா வருவதற்குள் குடைச்சலின் தாளுக்கு எதிரே வந்து நின்றான் ஒருவன். போன வருடம் இதே பயிற்சிக்கு வந்தவனாம்; பழைய மாணவன் என்று அழைத்திருந்தார்கள். தாளைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"அட, விதையா! எனக்கும் இதேதான் குடுத்தாங்க. எனக்கு முந்தி வந்த பொண்ணுக்கும் இதேதான். பாக்டீரியா போட்டா முளைக்கும், போடலைன்னா முளைக்காது. வரைபடத்துல நான் நீலக் கலர்ல கோடு போட்டேன், நீ பச்சையில போட்டிருக்க. அவ்வளவுதான்!"

அவன் பாட்டுக்கு நகர்ந்துவிட்டான். குடைச்சல் டீ மேசைப் பக்கம் நின்ற அக்காவிடம் நேராகப் போனாள்.

"முன்னாடியே தெரிஞ்ச பதிலாக்கா?"

அக்கா கையிலிருந்த டீயை மேசையில் வைத்தாள். "நிஜமான கேள்விய குடுத்தா பாதிப் பேர் வெறுங்கையோட போவீங்கம்மா. அப்புறம் இந்தப் பயிற்சியையே இழுத்து மூடிடுவாங்க. நீங்கள்லாம் எவ்வளவு கஷ்டப்பட்டு வர்றீங்க... தோத்துடக் கூடாதுன்னுதான்."

"உங்களுக்கு நிஜமான கேள்வி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"தோத்தீங்களா?"

"நிறைய வாட்டி."

"அப்ப என்னையும் தோக்க விட்டிருக்கலாமேக்கா!"

அக்கா அவள் தோளைத் தொட வந்தாள். குடைச்சல் விலகிக்கொண்டாள். கெட்டவள் ஏமாற்றியிருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருக்கலாம். பாசமாகக் கோட்டு மாட்டிவிட்டவளை என்ன சொல்லித் திட்டுவது?

அந்த நேரம் பார்த்து அம்மா வந்து சேர்ந்தாள். இருப்பதில் நல்ல உடையை மடிப்புக் கலையாமல் தேய்த்து உடுத்தியிருந்தாள். அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மகள் பக்கம் திரும்பினாள்.

"போன்ல சொன்னியேடி, சொன்ன பேச்சு கேக்காம ஒரு தட்டு மட்டும் முளைச்சுதுன்னு. அது எங்க? நான் அதைப் பாக்கத்தான் முக்கியமா வந்தேன்."

"தூக்கிப் போட்டுட்டேன்மா."

"அடிப்பாவி! ஏன்டி?"

அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. குடைச்சல் அவளைப் பார்த்துக்கொண்டே அம்மாவுக்குப் பதில் சொன்னாள்.

"அது முளைக்காதுன்னு இங்க முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்கம்மா."