கழுத்துக்கு மேலே வந்த குவளை

விந்து வங்கியில் அவரை எல்லோரும் ஐஸ்பெட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். பதினாலு வருஷமாகத் தற்காலிக ஊழியர். கிடாக்களின் விந்தை மெல்லிய குழல்களில் அடைத்து, குவளைகளில் நிறுத்தி, திரவ நைட்ரஜன் கேனுக்குள் மூழ்க வைத்துக் காப்பது அவர் வேலை. குவளை கேனின் கழுத்தைத் தாண்டி மேலே வரக் கூடாது. வந்தால் பத்து நொடிதான், உள்ளே இருக்கும் உயிரெல்லாம் போச்சு. செத்த குழலும் நல்ல குழலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் இதில் பெரிய கொடுமை.

ஒருநாள் வெளியூர் ஆட்கள் வங்கியைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை என்று ஒரு கிடா. செத்து ஒரு வருஷமாகியும் அப்பாவாகிக்கொண்டே இருந்தது. அதன் குவளையை முழுசாக வெளியே தூக்கிப் பிடித்தபடி பேச்சோ பேச்சு.

"சார், இறக்கிடுங்க சார்."

"எனக்கே பாடம் நடத்துறியா? உன்னை நிரந்தரமாக்குற பேப்பர் என் மேசையிலதான் கிடக்கு."

ஐஸ்பெட்டி இரண்டடி பின்னால் நகர்ந்தார். எல்லோரும் போனதும் ஒரு குழலை உருக்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். ஒன்றுகூட அசையவில்லை. இன்னும் இரண்டு பார்த்தார், அதே கதை. கெட்டதைக் கொட்டிவிட்டு, கெடுத்தது யார் என்று எழுதித் தர வேண்டும். அதிகாரி பெயரை எழுதினால் வேலை போய்விடும். தன் பெயரை எழுதினாலும் அதேதான். கமுக்கமாகக் கேனை மூடினார். கோழை, வேறென்ன சொல்ல?

அடுத்த வாரம், ஆடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவரைக் கூட்டிக்கொண்டு ஐஸ்பெட்டியின் அக்காவே வந்து நின்றாள். தனிக்கட்டை. பன்னிரண்டு பெட்டை ஆடுகளை வைத்துத்தான் பிழைப்பு.

"மாப்பிள்ளையோடதுதான் வேணும் தம்பி. உன் கையால எடுத்துக் கொடு."

அவர் கை வேறு கேன் பக்கம் போனது.

"கேட்டதைக் குடுய்யா, அதுதானே நம்ம பெருமை!" என்றார் பின்னால் நின்ற அதிகாரி.

பன்னிரண்டு குழல்களையும் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றும் பத்து நொடிக்குள், முறை பிசகாமல்.

ஒரு ஆடும் சினை பிடிக்கவில்லை. அக்கா மறுபடி வந்தாள். மூன்றாம் முறையும் வந்தாள். நிரந்தர உத்தரவு கைக்கு வந்ததும் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் மனசைத் தேற்றிக்கொண்டு அதே குவளையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

உத்தரவு வந்த அன்றே அக்கா வீட்டுக்கு ஓடினார். பட்டி காலியாகக் கிடந்தது. அக்கா அதைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆடெல்லாம் எங்கக்கா?"

"கறிக்கடைக்காரர் காலையில ஓட்டிட்டுப் போயிட்டார். மூணு தடவை போட்டும் நிக்கலையேப்பா. நீ கொடுத்ததுல குத்தம் இருக்காது. மலட்டுக்கு எத்தனை நாள் தீனி போடறது? என்னை மட்டும் புருஷன் வீட்டுல வெச்சுக்கிட்டாங்களா என்ன?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவர் சொல்ல ஓடிவந்ததை விட்டுவிட்டு, "எனக்கு வேலை நிரந்தரமாயிடுச்சுக்கா" என்றார்.

அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து அவர் தலையைத் தடவினாள்.

"நீயாவது நல்லா இருடா."